நனையாத கை

ஜூன் 12, வியாழன்

நெல்லிமட்டம் கால்நடை மருந்தகத்தில் டாக்டராகச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. நேற்று மழை பிடித்துக்கொண்டது.

"இனி செப்டம்பர் வரைக்கும் இதேதான் மேடம்" என்றார் லிங்கன் அண்ணன். இங்கே எனக்கு உதவியாளர். கோத்தகிரிப் பக்கத்துக்காரர், கூடலூர் மலைக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. "முன்னால இருந்த டாக்டர் மழைக்காலத்துல வெளிய போகமாட்டாரு. மாட்ட இங்க ஓட்டிட்டு வரச் சொல்லுவாரு. ஜீப் கிடையாதுல்ல."

சினை மாட்டைச் சேற்றுப் பாதையில் மலையிறக்கி ஓட்டிவரச் சொல்வதா. நான் பைக்கில் போகிறேன் என்றேன். மன்னார்குடி வெயிலில் வளர்ந்தவள்தான். ஆனால் கல்லூரி முதல் வருஷத்திலிருந்து பைக் ஓட்டுகிறேன். மழை என்ன செய்துவிடும்.

இன்று மூன்று வீடு போய் வந்தேன். உடம்பு நனையவில்லை. ரெயின்கோட் நல்லது, பூட்ஸ் முழங்கால் வரை. கை மட்டும்தான் மோசம். கடைவீதியில் வாங்கின கம்பளிக் கையுறை தண்ணீர் குடித்துக் கனத்துவிட்டது. முறுக்கிப் பிழிந்தால் ஒரு தம்ளர் வருகிறது. சரி, இது சின்ன விஷயம். வேறு வாங்கிக்கொள்ளலாம்.

ஜூன் 17, செவ்வாய்

தோல் கையுறை. கொஞ்சம் விலைதான். முதல் பத்து நிமிஷம் ராணி மாதிரி ஓட்டினேன். அப்புறம் தோல் ஊறி உள்ளே சாயம் இறங்கிவிட்டது. போய் இறங்கின வீட்டில் உறையை உருவினால் மணிக்கட்டு வரை கறுப்பு. எருமைக்கார அம்மா தன் எருமையைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். லிங்கன் அண்ணன் திரும்பி நின்று இருமினார். அது இருமல் இல்லை.

துணி துவைத்தேன். காயவில்லை. இந்த ஊரில் எதுவும் காயாது போலிருக்கிறது.

ஜூன் 23, திங்கள்

பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை. வெளித் தண்ணீர் உள்ளே வரவில்லை. உள்ளே வேர்த்த தண்ணீர் வெளியே போகவில்லை. குளிர் அப்படியே.

ஜூன் 28, சனி

இன்று சரியான தீர்வு கிடைத்துவிட்டது. பஸ் நிலையத்துக்கு எதிரே சீட் கவர் தைக்கும் ஹம்சாவிடம் சொல்லி, ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் ரெக்சினில் பை மாதிரி தைத்து மாட்டிவிட்டேன். கையைப் பைக்குள் நுழைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டியது. கையுறையே தேவையில்லை. "மூட்டை கட்டின மாதிரி இருக்கு டாக்டரே" என்றார் ஹம்சா. அழகைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "எதுக்குடி வேம்பு இந்த வீம்பு, ஒரு ஆட்டோ வச்சுக்கயேன்" என்றாள். இந்தப் பாதையில் ஆட்டோ ஏறாது என்றால் அம்மாவுக்குப் புரியவில்லை. அவள் ஊரில் பாலம் ஏறுவதுதான் மேடு.

ஜூன் 30, திங்கள்

விழுந்தேன். பெரிதாக ஒன்றுமில்லை. கீழிறங்கும் வளைவில் எதிர்காற்று அடித்ததும் ரெக்சின் உள்ளே அமுங்கி முன் பிரேக்கை அழுத்திவிட்டது. சக்கரம் வழுக்கியபோது கையைப் பையிலிருந்து உருவ நேரம் இல்லை. தேயிலைச் செடி தாங்கிக்கொண்டது. முழங்கையில் சிராய்ப்பு.

ஹம்சாவின் பைகளைக் கழற்றிவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. தேவையில்லை.

ஜூலை 4, வெள்ளி

பாறைக்கடவு எஸ்டேட்டில் முகாம். இதுவரை பார்த்ததிலேயே பெரிய மழை இன்றுதான். சாலையில் தண்ணீர் பழுப்பாக ஓடியது. பழைய கம்பளி உறையைத்தான் போட்டுக்கொண்டு போனேன், அதற்குமேல் ஒரு பிளாஸ்டிக் பை. பை பாதி வழியில் கிழிந்து பறந்தது. போய்ச் சேர்ந்ததும் பைக் சாவியைத் திருப்ப முடியவில்லை. லிங்கன் அண்ணன் பின்னாலிருந்து கை நீட்டித் திருப்பினார். ரெயின்கோட் பட்டனையும் அவர்தான் கழற்ற வேண்டியிருந்தது.

எஸ்டேட் லைன் வீட்டுப் பெண்கள் காலையிலிருந்து, ஆள் கணக்கெடுக்கும் மஸ்டர் கொட்டகையில் மாடுகளைக் கட்டிவைத்துக் காத்திருந்தார்கள். வேலைக்குப் போகாமல் நிற்கிறார்கள். இலை பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைத் தலைமேல் போட்டுக்கொண்டு, புது டாக்டர் பெண்பிள்ளையாமே என்று என்னையே பார்த்துக்கொண்டு. நான் அங்கே நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆரம்பித்துவிட்டேன்.

எல்லாம் சினைப் பரிசோதனை. ஆசனவாய் வழியாகக் கையை விட்டு, குடலின் சுவருக்கு அப்பால் கிடக்கும் கருப்பையை விரல் நுனியால் தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணுக்கு அங்கே வேலை இல்லை.

முதல் மாடு ஒரு செவலை ஜெர்சிக் கலப்பு. பெயர் செவ்வந்தியாம். சொந்தக்காரி தெய்வானை, ஐம்பது வயதிருக்கும், வார்த்தையை அளந்து பேசுகிறவள். பார்த்துவிட்டு, சினை இல்லை என்றேன்.

"சினை ஊசி போட்டு மூணு மாசம் ஆகுதுங்களே" என்றாள். "அதுக்கப்புறம் மாடு கத்தவே இல்லைங்க."

"சில மாடு அப்படித்தாங்கா. பருவத்துக்கு வரும், ஆனா வெளிய தெரியாது. ஊமைப் பருவம்னு சொல்லுவோம்."

"அப்ப சும்மாதானுங்களா?"

"சும்மாதான்."

தலையாட்டிக்கொண்டு ஓட்டிப் போனாள்.

இரண்டு மூன்று மாடு பார்ப்பதற்குள் கை நன்றாகச் சூடேறிவிட்டது. மாட்டுக்குள் இருக்கும் சூடு மாதிரி இந்த மலையில் வேறெங்கும் கிடையாது. மத்தியானத்துக்குள் எல்லா மாடும் முடித்துவிட்டேன். "நல்ல வேகம் மேடம்" என்றார் லிங்கன் அண்ணன். முன்பிருந்தவர் இத்தனையை இரண்டு நாளில் பார்ப்பாராம்.

ஜூலை 5, சனி

வெளியே போகவில்லை. சோறு, ரசம், அப்பளம். விரல் நுனிகளில் இன்னும் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது. அந்தச் செவலை மாடு நல்ல மாடு. ஏன் நினைவுக்கு வந்தது என்று தெரியவில்லை.

ஜூலை 10, வியாழன்

சிரிப்பு வருகிறது. ஒரு மாதமாகக் கடை கடையாகத் தேடின பொருள் என் மருந்து அலமாரியில் பெட்டி பெட்டியாக இருக்கிறது. மாட்டுப் பரிசோதனைக்குப் போடும் பிளாஸ்டிக் உறை. விரலிலிருந்து தோள் வரை ஒரே துண்டு, தையல் இல்லை, ஒரு சொட்டுப் புகாது. அதை மாட்டுக்கு மட்டும் என்று ஏன் நினைத்தேன்.

உள்ளே மெல்லிய கம்பளி, மேலே இது. மருந்தகத்து வாசலில் வாளித் தண்ணீரில் கையை முக்கி நூறு வரை எண்ணினேன். உருவிப் பார்த்தால் கம்பளி மொறுமொறு என்று காய்ந்திருக்கிறது. லிங்கன் அண்ணன் தன் கையையும் விட்டுப் பார்த்தார்.

ஜூலை 15, செவ்வாய்

முறை இப்போது இப்படி. எழுதி வைத்துக்கொள்கிறேன், யாராவது கேட்பார்கள்.

அடியில் கம்பளி. அதற்குமேல் தோள் வரை பிளாஸ்டிக். பிளாஸ்டிக் ஆக்சிலேட்டரில் வழுக்குகிறது, கிழியவும் செய்கிறது. ஆகவே அதற்குமேல் தோட்டவேலைக்கு விற்கும் சொரசொரப்பான கையுறை. அது நனையட்டும், அதன் வேலை பிடிப்பது மட்டும். ரெயின்கோட் கை எல்லாவற்றுக்கும் மேலே வந்து, மணிக்கட்டில் சைக்கிள் டியூபில் வெட்டின வளையம். இல்லையென்றால் காற்று சட்டைக் கைக்குள் தண்ணீரை ஊதிவிடும்.

ஹேண்டில்பாரின் இரண்டு லீவருக்கும் முன்னால் ஐந்து லிட்டர் எண்ணெய்க் கேனைக் குறுக்கே வெட்டித் திருகிவிட்டேன். ரெக்சின் மாதிரி அமுங்காது, கையில் நேராக அடிக்கும் காற்றும் மழையும் நின்றுபோயின. பார்ப்பதற்கு பைக்குக்கு இரண்டு காது முளைத்த மாதிரி இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஸ்வெட்டர். நெஞ்சு குளிர்ந்தால் உடம்பு முதலில் கையைத்தான் கைவிடுகிறது. இதை நான் உடலியல் வகுப்பில் படித்துப் பரீட்சையும் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 19, சனி

பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டில் சினைப் பரிசோதனை. போய் இறங்கினபோது கை வீட்டில் இருந்த மாதிரியே இருந்தது. உள்ளே விட்டதும் எல்லாம் தெரிகிறது. கருப்பையின் இடது கொம்பு, வலது கொம்பு, எது பருத்திருக்கிறது, எது மெலிந்திருக்கிறது, கருவைச் சுற்றின சவ்வு விரலுக்கிடையே நழுவும் அந்தச் சின்ன நழுவல் வரைக்கும். இருட்டறையில் விளக்குப் போட்ட மாதிரி. இந்த ஊருக்கு வந்தபிறகு முதல்முறையாக என் கை எனக்குத் திரும்பி வந்தது என்று தோன்றியது.

திரும்பும்போது பாறைக்கடவு முகாம் ஞாபகம் வந்தது. அன்றும் சரியாகத்தான் பார்த்தேன். கொஞ்சம் மரத்திருந்தது, அவ்வளவுதான். ஏழு வருஷப் பழக்கம் இருக்கிறது.

ஜூலை 24, வியாழன்

லிங்கன் அண்ணன் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பாறைக்கடவில் நான் சினை என்று சொன்ன ஒரு கறுப்பு மாடு நேற்றெல்லாம் பருவத்துக்கு வந்த மாடு மாதிரி கத்திக்கொண்டே இருந்ததாம்.

"சினை மாடும் சில சமயம் கத்தும்ணே" என்றேன். அது உண்மைதான். புத்தகத்தில் இருக்கிறது.

"அது எத்தனாவது மாடுன்னு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன் அப்புறம்.

"ரெண்டாவதோ மூணாவதோ. ஏன் மேடம்?"

சும்மா கேட்டேன் என்றேன். சாயங்காலம் பைக் செயினுக்கு எண்ணெய் விட்டேன்.

ஜூலை 29, செவ்வாய்

பாறைக்கடவு பாதையில் மண்சரிவு. யாரும் போக முடியாதாம். ஒருவகையில் நல்லதுதான், தடுப்பூசிக் கணக்கு நிறையக் கிடக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அம்மா போன் செய்தாள். கை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். எல்லாம் சரிசெய்துவிட்டேன், இப்போது மழையே தெரியவில்லை என்றேன்.

"அப்புறம் ஏன் ஒரு மாதிரி பேசற?"

நான் ஒரு மாதிரியும் பேசவில்லை.

மண்சரிவில் பாதியை ஒதுக்கிவிட்டார்கள், இரண்டு சக்கர வண்டி மட்டும் போகலாமாம். இந்த வாரம் அந்தப் பக்கம் வேலை எதுவும் இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

சாயங்காலம் மருந்தகத்தைப் பூட்டும்போது லிங்கன் அண்ணன் சொன்னார். தெய்வானை அந்தச் செவலை மாட்டைக் கொடுத்துவிட்டாளாம். சினையும் இல்லை, பாலும் இல்லை, எத்தனை நாள் வைத்துத் தீனி போடுவது. குண்டல்பேட்டை வியாபாரி மாதப்பன் வாங்கியிருக்கிறார். நாளைக் காலையில் லாரி பாறைக்கடவு முக்குக்கு வருமாம்.

"எங்க போகும்?"

அவர் என்னைப் பார்த்தார். "சும்மா மாடு எங்க போகும் மேடம்?"

நாளை அந்தப் பக்கம் போகிறேன். சும்மா ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான். கம்பளி உள்ளுறை இரண்டு ஜோடியையும் அடுப்புக்கு மேலே கொடியில் போட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எழுதிவிட வேண்டும், அப்புறம் இதே மாதிரி எழுத வராது.

மழை விடவில்லை. காலையில் கையை வெந்நீரில் வைத்திருந்து, துடைத்து, எல்லா உறையையும் வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டேன். வாசலில் நின்று போட்டால் அந்தச் சாரலே உள்ளுறையைக் கெடுத்துவிடும். இன்னொரு ஜோடியை ஸ்வெட்டருக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். லிங்கன் அண்ணன் பின்னால் உட்கார்ந்தார். எதற்குப் போகிறோம் என்று அவர் கேட்கவில்லை.

மண்சரிவு தாண்டியதும் ஒரு சில்வர் ஓக் மரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. எஸ்டேட் ஆட்கள் நாலைந்து பேர் கிளையை வெட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். "நீங்களும் ஒரு கை பிடிங்க டாக்டரம்மா, சீக்கிரம் முடிஞ்சுரும்" என்றார் ஒருவர். வேறொரு நாளாக இருந்தால் முதல் ஆளாகப் போய்ப் பிடித்திருப்பேன், அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. ஈரக் கிளையைப் பிடித்து இழுத்தால் உறை கிழியும். கிழிந்தால் கை போயிற்று.

இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

"கையக் கட்டிக்கிட்டு நிக்கறதுக்குத்தான் கவர்மெண்டு சம்பளம்" என்று ஒருத்தன் சொன்னது நன்றாகவே கேட்டது. சிலர் சிரித்தார்கள். லிங்கன் அண்ணன் கிளையைத் தோளில் வாங்கிக்கொண்டே, "அவங்க கைக்கு இன்னிக்கு வேற வேலை இருக்கு, இழுங்கப்பா" என்றார். என் முகம் சுட்டது. கையை எடுக்கவில்லை.

முக்கில் லாரி நின்றிருந்தது. பின்கதவை இறக்கிப் பலகை போட்டிருந்தார்கள். பஸ் நிழற்குடைக்குள் செவ்வந்தி. முன்பு பார்த்ததற்கு எலும்பு தெரிந்தது. தெய்வானை ஒரு கையில் கயிற்றைப் பிடித்து, இன்னொரு கையை மாட்டின் நெற்றியில் வைத்திருந்தாள். மாதப்பன் குடையோடு நின்றார், பெரிய மீசை, பொறுமையான மனிதர்.

"அக்கா, இந்த மாட்ட ஒருதரம் பாத்துக்கறேன்."

"எதுக்குங்க? அன்னிக்கே பாத்தாச்சே."

"இன்னொரு தரம்."

மாதப்பன் வானத்தைப் பார்த்தார். "எனக்கு மலை இறங்கணும்ங்க மேடம். பாத்தா சீக்கிரம் பாருங்க."

உறைகளை ஒவ்வொன்றாக உருவினேன். வெளியுறை சொட்டியது. பிளாஸ்டிக்கின் மேல் மழை, உள்ளே ஒன்றுமில்லை. கம்பளி காய்ந்திருந்தது. கை சூடாக, லேசாகச் சிவந்து, என்னுடையதாக இருந்தது. ஐந்து விரலையும் கட்டைவிரலில் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். புதுப் பரிசோதனை உறையைப் போட்டுக்கொண்டு வாலை ஒதுக்கினேன்.

சினையாக இருந்தால் இந்நேரம் நாலரை மாசம். அந்தக் கணக்கில் கருப்பை கனத்து வயிற்றுக்குள் இறங்கிவிடும், கன்று கைக்கு எட்டாது. இடுப்பெலும்பின் விளிம்பில் கையை வைத்தேன். கருப்பையின் கழுத்து கீழ்நோக்கி இழுபட்டிருந்தது. அங்கேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்துவிட்டது என்று ஏற்கெனவே ஒருமுறை இருந்தாயிற்று. பக்கச் சுவரில் விரலை ஓடவிட்டு, கருப்பைக்குப் போகும் தமனியைத் தேடினேன். பென்சில் பருமனில் அகப்பட்டது. இரண்டு விரலுக்கு நடுவே மெதுவாகப் பிடித்தேன்.

சாதாரண நாடி தட்டும். இது தட்டவில்லை. ரப்பர் குழாயில் வேகமாகத் தண்ணீர் விட்டால் குழாய் கையில் கிறுகிறுக்குமே, அப்படி விடாமல் அதிர்ந்தது. ஒரு கன்றுக்கு ரத்தம் போகிற அதிர்வு. வேறெதற்கும் அப்படி அதிராது.

கையை உடனே எடுக்கவில்லை. மறுபக்கமும் பார்த்தேன். திரும்ப இந்தப் பக்கம் வந்தேன். மாதப்பன் தொண்டையைச் செருமினார். இருக்கட்டும் என்று இருந்தேன்.

"சினை" என்றேன். "நாலரை மாசம்."

தெய்வானை மாட்டின் நெற்றியிலிருந்து கையை எடுத்தாள்.

"அன்னிக்கு இல்லேன்னீங்களே" என்றாள் தெய்வானை.

"தப்பாச் சொல்லிட்டேங்கா."

"எல்லார் முன்னாலயும் சும்மாதான்னு சொன்னீங்களே."

"கை மரத்துப்போயிருந்துச்சு. உள்ள என்ன இருக்குன்னே எனக்குத் தெரியல. தெரியலேன்னு சொல்லியிருக்கணும். கொஞ்சம் பொறுங்க, கை சூடாகட்டும்னு சொல்லியிருக்கணும். இத்தனை பேர் நின்னு பாக்கறாங்களேன்னு வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். அன்னிக்கே எனக்குச் சந்தேகம் இருந்துச்சு."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பரவாயில்லை. "சும்மா மாடுன்னு பிண்ணாக்க நிறுத்திட்டேன். அன்னிலேர்ந்து வெறும் புல்லு. வயித்துல ஒண்ண வச்சுக்கிட்டு இது அதத் தின்னுக்கிட்டு நின்னுருக்கு. கயித்த அவுக்கையில என்னப் பாத்துச்சு, நான் வேற பக்கம் பாத்துக்கிட்டேன்."

நான் மாட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறெங்கே வைப்பது என்று கைக்குத் தெரியவில்லை.

மாதப்பன் பலகையைத் தூக்கி லாரிக்குள் போடச் சொன்னார். "சினை மாட்ட நான் ஏத்தமாட்டேம்மா. நீ ஓட்டிட்டுப் போ. மத்தத அப்புறம் பேசிக்கலாம்." என்னிடம் வந்து, தணிந்த குரலில், "வந்து சொன்னீங்களே, அது போதும்ங்க. ஒருதடவ இந்த மாதிரி ஒண்ணு வழியில..." என்றவர், முடிக்காமல் குடையை மடக்கிக்கொண்டு முன்சீட்டில் ஏறினார்.

தெய்வானை படங்கை எடுத்து மாட்டின் முதுகில் போட்டாள். நனைந்துகொண்டே மேட்டில் ஏறி நடந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வளைவு மறையும்வரை நானும் லிங்கன் அண்ணனும் நின்றோம்.

"போலாமா மேடம்?" என்றார்.

"அன்னிக்கு முதல்ல பாத்த மாடு எல்லாத்தையும் திரும்பப் பாக்கணும்ணே. இப்பவே."

ஸ்வெட்டருக்குள் வைத்திருந்த காய்ந்த உறையை நான் எடுத்துப் போட்டுக்கொள்ளும் வரை அவர் தன் குடையைப் படங்கு மாதிரி எனக்கு மேல் பிடித்தார்.

ஆகஸ்ட் 13, புதன்

நேற்றும் இன்றுமாகப் பாறைக்கடவின் எல்லா மாட்டையும் மறுபடி பார்த்துவிட்டேன். முதலில் பார்த்த மூன்றும் தப்பு. கறுப்பு மாடு சினை இல்லை. இன்னொன்று சினை. மற்றவை அன்று சொன்னபடியேதான்.

மற்ற இரண்டு வாசலிலும் நின்று, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். முதல் வீட்டில் நாக்கு ஒட்டிக்கொண்டது. அடுத்த வீட்டில் தெளிவாக வந்தது. கறுப்பு மாட்டுக்காரி நன்றாகத் திட்டினாள், ஒரு பருவம் போயிற்றே என்று. போனதுதான். திட்டி முடித்தபிறகு பாலில்லாத கட்டஞ்சாயா கொடுத்தாள். குடித்தேன்.

தாதுஉப்புக் கலவை இரண்டு பை தெய்வானை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அவள் வேலைக்குப் போயிருந்தாள். செவ்வந்தியின் தொட்டியில் பிண்ணாக்குத் தண்ணீர் கலக்கியிருந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்

எனக்குப் பெயர் வைத்துவிட்டார்களாம். கை மரத்த டாக்டரம்மா. லிங்கன் அண்ணன் சொல்லத் தயங்கினார், நான்தான் வற்புறுத்திக் கேட்டேன். மோசமான பெயரில்லை. முன்பிருந்தவருக்குப் பெயரே இல்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், விழுந்தது உட்பட. "அந்தக் கேனை ரெண்டு பக்கமும் நல்லா முடுக்கி வச்சுருக்கியா?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பாறைக்கடவில் மறுபடி முகாம். போகும்போது யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி இருந்தாலும் போய் நிற்க வேண்டும் என்று தீர்மானம். மழை வழக்கம்போல. பைக் வழக்கம்போல. வளைவுகளெல்லாம் இப்போது கைக்குத் தெரியும்.

மஸ்டர் கொட்டகையில் போன தடவையைவிட அதிகமாகவே மாடு கட்டியிருந்தது. பக்கத்து எஸ்டேட்டிலிருந்தும் ஓட்டி வந்திருந்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. வரிசையில் முதலாவது இன்னும் கன்று போடாத ஒரு இளங்கிடேரி, அதன் சொந்தக்காரி கல்யாணமான புதுப் பெண். நான் உறைகளை உருவிவிட்டு அதனிடம் போனேன்.

தெய்வானை குறுக்கே வந்து நின்றாள். அவள் மாடு வரிசையில் இல்லை. அன்றைக்கு அப்புறம் அவள் என்னோடு ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

"கையக் காட்டுங்க" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவளே என் வலது கையை எடுத்துக்கொண்டாள். இலை பறித்துப் பறித்துக் காய்த்துப்போன கை, ஓரங்களில் தேயிலைக் கறை. உள்ளங்கையை அழுத்திப் பார்த்தாள். அப்புறம் விரல்களை ஒவ்வொன்றாக, நுனி வரைக்கும் பிடித்துப் பார்த்தாள். கொட்டகையில் பேச்சு நின்றுவிட்டது.

"உள்ளங்கை சரி. நுனி இன்னும் சில்லுனு இருக்கு" என்றாள். "கொஞ்சம் பொறுங்க."

கையை அக்குளில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். அத்தனை பேரும் அத்தனை மாடும் நின்றார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. ஒருத்தி மடியிலிருந்து வெற்றிலையை எடுத்தாள். இன்னொருத்தி மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பித்தாள். மழை கொட்டகையைச் சுற்றி விழுந்துகொண்டே இருந்தது. எனக்கும் அவசரம் இல்லை.

தெய்வானை மறுபடி வந்தாள். விரல் நுனியைத் தன் இரண்டு விரலுக்கிடையே பிடித்துக் கொஞ்சம் வைத்திருந்தாள்.

"ம். இப்பப் பாருங்க" என்றாள்.

பார்த்தேன்.